எட்டாவது கண்டத்தைக் கண்டுபிடித்தவன் யார்? ஒரு மணி, ஒரு கப்பல், கொஞ்சம் உருளைக்கிழங்கு

நீளமான திரெட். நாளைக்கு எனக்கு வீக்லி ஆஃப். அதனால் பொறுமையாக எழுதுகிறேன். நீங்களும் டீ போட்டு எடுத்துக்கிட்டு வாங்க.

போன வாரம் சாயங்காலம் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ரயில்வேயில் இருந்து ரிட்டயர்டு ஆன சார் ஒருவர் இருக்கிறார். என் நடைவேகத்தை விட அவர் பார்வர்டு அனுப்பும் வேகம் அதிகம். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"டாக்டர் தம்பி, பொங்கல் விழாவுக்குப் பசங்களுக்கு வினாடி வினா நடத்துறோம். நீங்கதான் நடுவர். கடைசிக் கேள்வி நான் ரெடி பண்ணிட்டேன். விடை மட்டும் ஒரு தடவை சரி பார்த்துச் சொல்லுங்க."

போனை நீட்டினார். கேள்வி: உலகின் எட்டாவது கண்டத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர் யார்? விடை: மாமன்னன் ராஜேந்திர சோழன். ஆதாரம்: நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணி. அதன் கீழே புலிக்கொடி, பாய்மரக் கப்பல், 'தமிழனாக இருந்தால் பகிரவும்'.

"சார், இதை யார் சொன்னது?"

"குரூப்ல வந்தது தம்பி. ஆனா மணி நெஜம். மியூசியத்துல இருக்காம்."

அதுதான் விஷயம். மணி நிஜம். மியூசியத்தில் இருப்பதும் நிஜம். எட்டாவது கண்டம் என்று ஒன்று பேசப்படுவதும் நிஜம். மூன்று உண்மைகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பொய் வரும் என்பது ஓபி-யில் உட்காருகிற எல்லா டாக்டருக்கும் தெரியும். "காய்ச்சல் இருந்தது, கஷாயம் குடிச்சேன், காய்ச்சல் போயிடுச்சு." மூன்றும் உண்மை. கஷாயம்தான் குணப்படுத்தியது என்பது மட்டும் நோயாளி சேர்த்துக்கொண்டது.

சரி பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த நாலு நாள் டூட்டி போக மிச்ச நேரமெல்லாம் இதிலேயே போச்சு. புதையல் வேட்டை மாதிரி ஒரு துப்பு அடுத்த துப்புக்கு இழுத்துக்கொண்டே போனது.

முதலில் கண்டம். 2017-ல் நிக் மார்ட்டிமர் என்ற நியூசிலாந்து நிலவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நியூசிலாந்து என்பது கடலில் தனியாக நிற்கும் தீவுக்கூட்டம் இல்லை, ஜீலாண்டியா என்ற மூழ்கிய கண்டத்தின் தலைமட்டும் வெளியே தெரிகிறது என்பது அவர்கள் வாதம். பரப்பு சுமார் 49 லட்சம் சதுர கிலோமீட்டர். நம்ம இந்தியா மாதிரி ஒன்றரை மடங்கு. அதில் 94 சதவீதம் தண்ணீருக்குள். மூழ்கிய கண்டம் என்று சொன்னால் நம்ம ஊரில் உடனே என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். "அப்போ குமரிக்கண்டம்?" என்று அடுத்த பார்வர்டு கிளம்பும். ஜீலாண்டியா பழைய கோண்ட்வானா நிலத்தொகுதியிலிருந்து பிரிந்தது சுமார் 8 கோடி வருடத்துக்கு முன்னால். அப்போது டைனோசர் இருந்தது. சங்கம் வைக்க ஆள் இல்லை.

அடுத்தது மணி. இங்கேதான் கதை சுவாரசியம்.

வில்லியம் கொலென்சோ என்று ஒரு ஆங்கிலேய மிஷனரி. தொழிலில் அச்சுக்காரர். 1830-களில் நியூசிலாந்துக்குப் போய் மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர். செடி கொடி ஆராய்ச்சியும் உண்டு. 1836 வாக்கில், வடக்குத் தீவில் வாங்கரே பக்கம் ஒரு மாவோரி ஊருக்குப் போகிறார். அங்கே பெண்கள் அடுப்பில் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அது பாத்திரம் இல்லை. தலைகீழாக வைத்த ஒரு மணி. விளிம்பு உடைந்துபோய் மேல்பாகம் மட்டும் மிச்சம். சுற்றிலும் ஏதோ எழுத்து.

"இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டிருக்கிறார். ரொம்ப காலம் முன்னால் புயலில் ஒரு பெரிய மரம் சாய்ந்தது, அதன் வேருக்கடியில் கிடைத்தது என்றார்கள். கொலென்சோ ஒரு இரும்புப் பாத்திரத்தைக் கொடுத்து மணியை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண்களுக்கு நல்ல வியாபாரம்: விளிம்பு போன பழைய சாமானுக்குப் புதுப் பாத்திரம். நம்ம தெருவில் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்தான் தருவார்கள்.

மணி பெரிசில்லை. 13 சென்டிமீட்டர். ஒரு எவர்சில்வர் டம்ளர் உயரம் வைத்துக்கொள்ளுங்கள். கொலென்சோவுக்குப் பிறகு அது அருங்காட்சியகத்துக்குப் போனது. இப்போது வெலிங்டனில் டெ பாபா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பெயரே 'தமிழ் மணி'.

எழுத்து தமிழ்தான். சந்தேகமே வேண்டாம். அதில் என்ன எழுதியிருக்கிறது?

இந்த இடத்தில் பார்வர்டு கப்சிப். புலிக்கொடி படம் போடத் தெரிந்தவருக்கு மணியில் இருக்கும் ஒற்றை வரியைப் போட மனசு வரவில்லை. நான் சொல்கிறேன். இன்றைய எழுத்தில்: முகைதீன் பக்ஷுடைய கப்பலுடைய மணி.

அவ்வளவுதான். பேனா தொலையாமல் இருக்கப் பசங்க பேர் எழுதி ஒட்டுவதுபோல, மணி தொலையாமல் இருக்கப் பேர் பொறித்திருக்கிறார்கள். அது போகக்கூடிய அதிகபட்ச தூரத்துக்குத் தொலைந்துபோயிருக்கிறது.

முகைதீன் என்ற பெயர் எங்கிருந்து வருகிறது? பாக்தாத்தில் வாழ்ந்த ஞானி முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி. தமிழ் முஸ்லிம்கள் முகைதீன் ஆண்டவர் என்பார்கள். கடலில் ஆபத்து வந்தால் அவரைக் கூப்பிடும் வழக்கம் கடலோடிகளிடம் உண்டு. பக்ஷ் என்றால் கொடை. அவர் அருளால் கிடைத்தது என்று அர்த்தம். மனிதர்களுக்கும் வைத்தார்கள், கப்பலுக்கும் வைத்தார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ராஜேந்திர சோழன் காலமானது 1044-ல். ஜீலானி பிறந்தது 1077-ஐ ஒட்டி. இன்னும் பிறக்காத ஒருவருடைய பெயரைத் தன் கப்பல் மணியில் ராஜேந்திரன் எப்படிப் பொறிப்பார்? டெத் சர்டிபிகேட்டில் தேதி எழுதிய பிறகு நோயாளி பிபி செக் பண்ண வந்த மாதிரி இருக்கிறது. ராஜேந்திரன் கடாரம் வரை கப்பல் படை அனுப்பினார். அது 1025. அந்தப் பெருமை யாரும் எடுத்துக்கொள்ள முடியாத பெருமை. அவருக்கு இன்னொருத்தர் மணி தேவையில்லை.

"சரி, சோழர் இல்லை. ஆனா 500 வருஷப் பழைய மணின்னு போட்டிருக்கே? தமிழன்தானே முதல்?"

சார் அடுத்த நாள் இதைக் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த 500 வருடம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். மணியில் இருக்கும் சில எழுத்து வடிவங்கள் இன்றைக்குப் புழக்கத்தில் இல்லை, ஆகவே ரொம்பப் பழசு என்பதுதான் வாதம்.

உங்கள் வீட்டில் அப்பா அம்மா கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்க. 1978-க்கு முந்தியது என்றால் அதிலேயே இன்றைக்குப் புழக்கத்தில் இல்லாத எழுத்து இருக்கும். கொம்பு சுழித்த ணா, னா, யானைத் துதிக்கை மாதிரி வளைந்த லை, னை எல்லாம். பெரியார் வலியுறுத்திய சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது 1978-ல்தான். 'இந்த எழுத்து இப்போ இல்லை' என்பதை வைத்து வயது சொன்னால் எங்க அப்பாவே அகழாய்வில் கிடைத்த மாதிரி ஆகிவிடுவார். மணியை 17, 18-ம் நூற்றாண்டு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

மரத்தடியில் கிடைத்தது என்பதும் கேட்ட கதை. எந்த மரம், எத்தனை வருடம், எந்த ஆழம் எதுவும் கிடையாது. 'பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, சின்ன வயசுல இவனுக்கு ஃபிட்ஸ் வந்துச்சாம்' என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதுவோம். ஆனால் அதை மட்டும் வைத்து மாத்திரை எழுத மாட்டோம்.

அப்போ மணி எப்படித்தான் போனது? தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்கள் நாகப்பட்டினம், நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை, பரங்கிப்பேட்டையிலிருந்து மலாக்கா, அச்சே, கெடா, பினாங்கு என்று நூற்றாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தன. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை எழுப்பியவர் காதர் முகைதீன் என்ற தமிழ் வணிகத் தலைவர். அங்கேயும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்காவின் பிரதிகள் நிற்கின்றன. அந்த வழியில் ஒரு கப்பல் உடைந்தால் அதன் மணி வேறு கப்பலுக்குப் போகும். வெண்கலத்தை யாரும் கடலில் விட்டுவிட மாட்டார்கள். விற்பார்கள், வாங்குவார்கள், கடைசியில் யாரோ எங்கேயோ இறக்குவார்கள். 1800-களின் தொடக்கத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து பாய்மரத் தடிக்காகவும் சீல் தோலுக்காகவும் நியூசிலாந்துப் பக்கம் கப்பல்கள் போக ஆரம்பித்துவிட்டன. 1810-ஐ ஒட்டி ஒரு வங்காள லஸ்கர் கப்பலிலிருந்து இறங்கி மாவோரிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். லஸ்கர் என்றால் ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த ஆசிய மாலுமி.

ஒரு போனஸ் தகவல். நியூசிலாந்தில் கோரமண்டல் என்று ஒரு தீபகற்பமே இருக்கிறது. கோரமண்டல் என்பது சோழமண்டலத்தின் திரிபு. இதை சாரிடம் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். 1820-ல் கௌரி மரத் தடி ஏற்ற எச்எம்எஸ் கோரமண்டல் என்ற பிரிட்டிஷ் கப்பல் அங்கே போய் நங்கூரம் போட்டது. இடத்துக்குக் கப்பல் பேர். கப்பலுக்கு நம்ம கடற்கரை பேர். சோழர்கள் நேரில் வரவில்லை.

இதெல்லாம் படித்துக்கொண்டே போகும்போதுதான் நான் எதிர்பார்க்காத ஒரு கப்பல் குறுக்கே வந்தது. மணியைத் தேடிப் போனவன் அதற்கப்புறம் மணியை மறந்துவிட்டேன்.

1769. பாண்டிச்சேரி. எட்டு வருடத்துக்கு முன்னால் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டம் ஆக்கியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது 1765-ல். கவர்னர் ஜான் லா தெ லோரிஸ்தோன் ஊரைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார். கையில் காசு இல்லை. எல்லோருக்கும் சீக்கிரம் பணம் பண்ண வேண்டும்.

அந்த நேரத்தில் ஒரு வதந்தி வருகிறது. ஆங்கிலேயக் கப்பல் ஒன்று தென்கடலில் பெரிய பணக்காரத் தீவு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாம். தங்கமாம். நிஜத்தில் நடந்தது என்ன? 1767-ல் சாமுவேல் வாலிஸ் என்ற ஆங்கிலேய கேப்டன் டஹிட்டி தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். தேங்காயும் பன்றியும் ஈரப்பலாவும்தான் அங்கே செல்வம். செய்தி லண்டன் போய், கைமாறிக் கைமாறி இந்தியா வரும்போது, 1687-ல் எட்வர்ட் டேவிஸ் என்ற கடல் கொள்ளைக்காரர் தூரத்தில் பார்த்ததாகச் சொன்ன 'டேவிஸ் நிலம்' அதோடு ஒட்டிக்கொண்டது. அதற்கும் பின்னால் இன்னும் பழைய நம்பிக்கை ஒன்று: தெற்கே யாரும் பார்க்காத மாபெரும் கண்டம் ஒன்று இருக்கிறது, பூமி சமநிலையில் நிற்க அது இருந்தே ஆக வேண்டும்.

வாட்ஸ்அப் இல்லாத காலத்து பார்வர்டு. அதுவும் குரூப்பில் வந்தது.

இந்த பார்வர்டை நம்பி ஒரு கவர்னர், ஒரு சந்திரநாகூர் அதிகாரி, ஒரு கப்பல் கேப்டன் சேர்ந்து கூட்டு போட்டார்கள். கேப்டன் பெயர் ழான் பிரான்சுவா மாரி தெ சுர்வீல். கப்பல் சேன் ழான் பாப்திஸ்த், 650 டன். 1769 ஜூன் 2-ம் தேதி பாண்டிச்சேரியிலிருந்து புறப்பட்டது. மூன்று வருடச் சாப்பாடு, விற்க இந்தியச் சரக்கு, சுமார் 170 ஆள். அதில் 50 பேருக்கு மேல் லஸ்கர்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாங் டிரைவ் போகிறோமே, அந்தக் கரைக்கு எதிரே கிளம்பிய கப்பல்தான்.

இதற்கு அப்புறம் வருவது என் சப்ஜெக்ட். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஸ்கர்வி. வைட்டமின் சி குறைபாடு. நம் உடம்பில் செல்களை ஒட்டி வைப்பது கொலாஜன் என்ற புரதம். அதை உறுதியாக்க வைட்டமின் சி வேண்டும். நம்மால் அதைத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். இரண்டு மூன்று மாதம் பச்சைக் காய், கீரை, பழம் எதுவும் இல்லாமல் உப்பு இறைச்சியும் காய்ந்த பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டால் கொலாஜன் பிரிய ஆரம்பிக்கும். முதலில் அசதி. பிறகு ஈறு வீங்கி ரத்தம் வரும், பல் ஆடும். காலில் ரத்தத் திட்டுகள். எப்போதோ ஆறிப்போன பழைய காயம் திரும்பத் திறக்கும். திடீரென்று ஒருநாள் எழுந்து நின்றவுடன் சாவு. ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் 1747-லேயே ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டிவிட்டார். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தது 1795-ல். இடையில் 48 வருடம். ஃபைல் நகர எவ்வளவு நேரம் ஆகும் என்று அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவனுக்குச் சொல்லத் தேவையில்லை.

சுர்வீலின் கப்பலில் சாலமன் தீவுகளைத் தாண்டும்போதே ஆட்கள் விழ ஆரம்பித்துவிட்டார்கள். சாலமனில் சண்டை, ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு வந்தது எல்லாம் தனிக்கதை. டிசம்பர் 12-ம் தேதி நியூசிலாந்துக் கரை தெரியும்போது ஏறக்குறைய 60 பேர் இறந்திருந்தார்கள். 'தமிழ்நாட்டுக் கரையிலிருந்து நியூசிலாந்துக்குப் போனவர்கள்' என்று ஆதாரத்தோடு சொல்லக்கூடிய முதல் ஆட்கள் இந்தக் கப்பல்காரர்கள்தான். அங்கே போன முதல் இந்தியர்கள் என்று நியூசிலாந்து வரலாறு எழுதுபவர்களும் இந்த லஸ்கர்களைத்தான் சொல்கிறார்கள். அத்தனை பேரும் தமிழர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாண்டிச்சேரியில் கப்பல் ஏறினார்கள். ஈறில் ரத்தம் வழிய அந்தக் கரையைப் பார்த்தார்கள்.

அதே வாரத்தில் அதே கடலில் இன்னொரு கப்பல் இருந்தது. கேப்டன் குக்கின் எண்டெவர். புயலில் இரண்டு கப்பலும் வடமுனையைச் சுற்றி எதிரெதிர் திசையில் போயின. ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. குக் அணியில் முதலில் நிலத்தைப் பார்த்தவர் யார் தெரியுமா? அக்டோபரில், நிக்கோலஸ் யங் என்ற சுமார் 12 வயதுப் பையன். கப்பல் டாக்டரின் எடுபிடி. முதலில் பார்ப்பவருக்கு ஒரு கேலன் ரம் பரிசு என்று குக் அறிவித்திருந்தாராம். 12 வயதுப் பையனுக்கு நாலரை லிட்டர் ரம்! ஒரு மருத்துவராக இதற்கு என் கண்டனத்தைப் பதிவு செய்கிறேன். அந்த முனைக்கு இன்றும் பையன் பெயர்தான்.

குக்குக்கு 127 வருடம் முன்னால், 1642-ல், ஏபெல் டாஸ்மன் என்ற டச்சுக்காரர் வந்தார். மாவோரிகளோடு மோதலில் நாலு பேரை இழந்துவிட்டு, கரையில் கால் வைக்காமலே திரும்பிவிட்டார். அவரும் 'கண்டுபிடித்தவர்' பட்டியலில் இருக்கிறார். கால் வைக்காமல் கண்டுபிடிக்கலாம் என்றால், நானும் மொட்டைமாடியிலிருந்து நிறையக் கண்டுபிடித்திருக்கிறேன்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால், சுமார் 1250-லிருந்து 1300-க்குள், பாலினீசியர்கள் படகில் வந்து குடியேறினார்கள். அவர்கள்தான் மாவோரிகள். முதலில் வந்தவர் குபே என்பது அவர்கள் மரபு. புதையல் வேட்டையில் கடைசிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஏற்கனவே ஒரு குடும்பம் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தது.

சுர்வீல் நங்கூரம் போட்ட விரிகுடாவுக்குத் தன் கவர்னர் பெயரையே வைத்தார், லோரிஸ்தோன் விரிகுடா என்று. குக் ஒரு வாரம் முன்னாலேயே அதற்கு டவுட்லெஸ் பே என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆங்கிலேயர் வைத்த பெயர்தான் நின்றது.

கரையில் இருந்த மாவோரிகள் கீரையும் மீனும் கொடுத்தார்கள். நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் விட்டார்கள். காட்டுக் கீரை தின்றவர்கள் சில நாளில் எழுந்து நடந்தார்கள். ஸ்கர்வியில் இது ஆச்சரியம் இல்லை. வைட்டமின் சி உள்ளே போனால் ஒன்றிரண்டு நாளிலேயே முகம் மாறும். டிசம்பர் கடைசியில் பெரிய புயல். கப்பலின் நங்கூரங்கள் அறுந்து கடலில் போயின. கரையில் மாட்டிக்கொண்ட நோயாளிகளுக்கு அந்த நாட்களில் இடமும் மீனும் கொடுத்தவர் ரங்கினுயி என்ற தலைவர்.

புயலில் கப்பலின் சின்னப் படகு ஒன்று அடித்துக்கொண்டு போய்க் கரை ஒதுங்கியது. கடல் ஒதுக்கியது கரைக்காரனுக்கு என்பது அங்கே வழக்கம். அவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். சுர்வீலுக்கு அது திருட்டு. டிசம்பர் 31-ம் தேதி ஆயுதத்தோடு கரைக்குப் போனார். படகு கிடைக்கவில்லை. குடிசைகளையும் ஓடங்களையும் கொளுத்தினார். ஒரு ஆளைப் பிடித்துக் கட்டிக் கப்பலுக்கு இழுத்து வந்தார். கப்பலில் இருந்தவர்கள் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்கள். நம்ம நோயாளிகளுக்கு மீன் கொடுத்த ஆளாச்சே!

ரங்கினுயிதான். விடவில்லை. அவரோடு கப்பல் கிழக்கே கிளம்பிவிட்டது, தங்கத் தீவைத் தேடி.

1770 மார்ச் 24-ம் தேதி ரங்கினுயி கப்பலில் இறந்தார். காரணம் ஸ்கர்வி.

இந்த வரியைப் படித்த அன்றைக்கு எனக்கு நைட் டூட்டி. படித்துவிட்டுப் போனை மூடி வைத்துவிட்டு வார்டை ஒரு சுற்று சுற்றி வந்தேன். அவருக்கு மருந்து தெரியும். அந்த மருந்தைத்தான் அவர் ஊர் மற்றவர்களுக்குக் கொடுத்தது. அது அவர் ஊர்க் கரையில் முளைத்துக் கிடந்தது.

மிச்சக் கதை சின்னது. டேவிஸ் நிலம் என்று எதுவும் இல்லை. ஆட்கள் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்ததால் தென்னமெரிக்கா நோக்கி ஓடினார்கள். பெரு நாட்டில் சில்கா கரையில், ஏப்ரல் 8-ம் தேதி, உதவி கேட்கப் படகில் இறங்கிய சுர்வீல் அலையில் கவிழ்ந்து மூழ்கிப் போனார். ஸ்பானிஷ்காரர்கள் கப்பலைப் பிடித்துச் சுமார் மூன்று வருடம் வைத்துக்கொண்டார்கள். 1773-ல் கப்பல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தபோது கிளம்பியவர்களில் பாதிப் பேர் கூட இல்லை. தங்கம் இல்லை, கண்டம் இல்லை. புயலில் போன நங்கூரங்களை 1974-ல் கெல்லி டார்ல்டன் என்ற முக்குளிப்பவர் கண்டெடுத்தார். அதில் ஒன்று வெலிங்டனில், அதே டெ பாபா அருங்காட்சியகத்தில். தமிழ் எழுத்துள்ள ஒரு மணியும், பாண்டிச்சேரியிலிருந்து கிளம்பிய ஒரு நங்கூரமும் ஒரே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து நாளைக்கு இதை பார்வர்டு ஆக்கிவிடாதீங்க.

இதையெல்லாம் சாரிடம் ஏரிக்கரையில் ரெண்டு ரவுண்டு நடந்தபடி சொன்னேன். வழக்கத்துக்கு மாறாகக் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "அப்போ நம்ம ஆளு முதல்ல போகவே இல்லைங்கறீங்க" என்றார். குரலில் நிஜமான வருத்தம். கிண்டல் பண்ணத் தோன்றவில்லை. ரயில்வேயில் முப்பது வருடம் மற்றவர்கள் ஊர் போய்ச் சேர வேலை பார்த்த மனுஷன். நம்ம ஆட்கள் ரொம்ப தூரம் போனார்கள் என்று நினைப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"போயிருக்காங்க சார். ராஜா போகலை, வேலைக்காரங்க போனாங்க. மணிக்குச் சொந்தக்காரர் பேர்கூட இருக்கு. நீங்க அனுப்பின மெசேஜ்லதான் அந்தப் பேர் இல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார்.

"முகைதீனா? தாம்பரத்துல என்கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் அதே பேர்ல இருந்தான். நல்ல பையன்." பிறகு, "சரி, பசங்களுக்குக் கேள்வி வேணுமே?"

பல்லாவரத்தை வைத்துக் கேட்கலாமே என்றேன். குரோம்பேட்டையைத் தாண்டினால் பல்லாவரம். 1863 மே 30-ம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ராணுவ மைதானத்துப் பக்கம் ஒரு கல்லை எடுத்தார். பழைய கற்காலக் கருவி. இந்தியாவில் இப்படி ஒன்று இன்னது என்று அறிந்து எடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அதே வருடம் அவர் போன அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருடம் வயது என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்டார்கள். நம்ம இனமான ஹோமோ சேப்பியன்ஸ் பிறப்பதற்கே ரொம்ப முன்னால். பல்லாவரத்துக்கு முதலில் வந்தவன் தமிழனும் இல்லை, ஆங்கிலேயனும் இல்லை, கறாராகச் சொன்னால் நம்மை மாதிரி மனுஷனே இல்லை.

"இது பசங்களைக் குழப்பும் தம்பி" என்றார். சரிதான்.

விழாவில் கடைசிக் கேள்வியை அவரே மாற்றி எழுதி வந்திருந்தார். மைக்கில் படித்தார்: "நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் எழுத்துள்ள கப்பல் மணியில் யாருடைய பெயர் இருந்தது? அதில் என்ன வேகவைத்துக்கொண்டிருந்தார்கள்?" பசங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் பதறினேன். அவர் முந்தின வாரமே தெருவில் எல்லாப் பசங்களையும் நிறுத்திக் கதை சொல்லியிருக்கிறார். இரண்டாம் பாதிக்கு எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். முதல் பாதியை ஆறாம் வகுப்புப் பாப்பா ஒன்று சரியாகச் சொன்னது. பக்ஷ்-ஐ மட்டும் 'பக்ஸ்' என்றது. நடுவர் என்ற முறையில் முழு மார்க் கொடுத்தேன். பரிசாக நான் வாங்கிக்கொண்டு போன பெரிய நெல்லிக்காய் டப்பாவுக்கு வரவேற்பு சுமார்தான்.

இன்று காலை சாரிடமிருந்து புது மெசேஜ்: "உருளைக்கிழங்கை உலகுக்குக் கொடுத்தவன் யார் தெரியுமா?" கூடவே புலிக்கொடி.

இன்னும் திறக்கவில்லை. ரவுண்ட்ஸ் முடிச்சிட்டு வரேன்.